பறிக்காத நிரை

சாரணியர் படையில் சேரப் போகிறேன், கூடாரம் அடித்து கேம்ப் போகப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்ன அன்று முதலில் சிரித்தவர் மாமாதான். அம்மாவின் தம்பி. தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. கைக்கு லீவு கிடைத்தாலும் வாய்க்கு ஒருநாளும் லீவு கிடையாது. அவர் எதையாவது சொன்னால் மனதில் முடிந்துவைத்துக்கொண்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் சொந்தச் சரக்கு மாதிரி அவிழ்த்துவிடுவது அந்த வயதிலேயே என் பழக்கம். அன்று அவர் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் படியில் உட்கார்ந்து பிளேன்டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

"நாங்க இருநூறு வருசமா கேம்ப்லதான் புள்ள இருக்கோம். துணிக்குப் பதிலாத் தகரம் போட்டுருக்கு, அவ்வளவுதான்."

விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் டீச்சரிடம் ஒப்பித்தும் விட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக எங்கள் லயத்துக் கூரைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெயர் கூப்பிட ஆரம்பித்தார். பாவம், டீச்சருக்குப் பகிடி விளங்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

வட்டவளைக்கு மேலே, பஸ் திரும்பிப் போக இடம் இல்லாத ஒரு மூலையில் இருந்தது எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம். அதற்கு ஹட்டனிலிருந்து புதிதாக வந்தவர் இந்த டீச்சர். வந்த சூட்டோடு ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை வைத்துச் சாரணியர் படை தொடங்கினார். முதல் நாள், இயற்கை எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒருத்தி ஹோர்ட்டன் சமவெளி என்றாள். ஒருத்தி டிவியில் என்றாள். நான் எழுந்து நின்று, எங்கள் மாமாவின் போனில் இருக்கிறது டீச்சர் என்றேன். கண்ணாடி உடைந்த அந்தப் போனில் ஒரு நீர்வீழ்ச்சிப் படம் இருந்தது. வெளியே மலை மலையாகத் தேயிலை நின்றது. அதை ஒருவரும் சொல்லவில்லை. தேயிலை என்றால் வேலை. இயற்கை என்றால் வேறு ஏதோ, பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய சாமான்.

டீச்சர் கொண்டுவந்த பழைய கைநூலும் அதைத்தான் சொன்னது. அதில் ஊசிமரக் காடு இருந்தது, பனி இருந்தது, கரடியின் காலடி இருந்தது. கரடியின் காலடியை நாங்கள் பாடமாக்கினோம். எங்களைச் சுற்றி இருந்த குளவியும் அட்டையும், எப்போதாவது நாய் பிடிக்க வரும் சிறுத்தையும் அந்த நூலில் இல்லை.

தோட்டத்துக்கு மேலேயே நிஜக் காடு இருந்தது. அங்கே எங்களைக் கூட்டிப்போக டீச்சர் படாத பாடுபட்டார். காட்டுக்குப் பொறுப்பானவர்கள் பிள்ளைகளை உள்ளே விட யோசித்தார்கள். பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர்கள் அதைவிட அதிகமாக யோசித்தார்கள். ஒரு வீட்டில் சிறுத்தைப் பயம், ஒரு வீட்டில் குளவிப் பயம், மற்றொரு வீட்டில் சனிக்கிழமை டியூசன். கடைசியில் டீச்சர், காடு கிடைக்காவிட்டால் போகிறது, தேயிலைக்குள்ளேயே தடம் பிடிக்கிற பயிற்சி வைப்போம் என்று தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கிவிட்டார்.

அதைப் பார்க்க ஹட்டனிலிருந்து சாரணியத்தில் பெரிய மிஸ் ஒருவர் வருவார். நாங்கள் தடத்தைப் பிடித்து முடிவிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கழுத்துத் துணி கட்டிவிடுவார். கழுத்துத் துணி கட்டிய படைக்கு நல்லதண்ணி ஊர்ப் பக்கம் ஆற்றங்கரையில் நிஜக் கூடாரத்தோடு பெரிய கேம்ப். சேராவிட்டால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் நம்பக்கூடிய விசயமல்ல. டவுன் டீச்சர்மார் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அந்த ஒரு சனிக்கிழமைதான் எங்களுக்கு எல்லாம். அதிலும் நான் தலைவி.

தடம் பிடிக்கிற அடையாளங்கள் லேசானவை. குச்சியில் அம்பு என்றால் இந்தப் பக்கம் போ. பெருக்கல் குறி என்றால் இது வழி இல்லை. வட்டமாகக் கல் அடுக்கி நடுவில் ஒரு கல் வைத்திருந்தால், நான் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று அர்த்தம். தடம் அங்கே முடிகிறது. இவற்றை வீட்டு முன் இஸ்தோப்பில் ஈர்க்கு வைத்தும் கூழாங்கல் வைத்தும் ஒரு வாரமாகப் போட்டுப் பழகினேன். மலையிலிருந்து கூடையோடு வந்த அம்மா முதல் நாள் அம்பின்மேல் காலை வைக்கப் போனார். நான் கத்திய கத்தில் ஒற்றைக் காலில் நின்றார். அன்றிலிருந்து சுற்றித்தான் போவார். ஒருநாள் வட்டத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். வீட்டுக்குப் போயாச்சு என்று சொன்னேன்.

"வீட்டுக்குப் போறதுக்கு இம்புட்டுக் கல்லா?" என்று சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

சனிக்கிழமை விடிந்தது. டீச்சர் முதல் பஸ்ஸில் வந்து, பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரிப்பதற்கு முன்பாகவே மலை ஏறி அடையாளங்களை வைத்துவிட்டு இறங்கினார். பெரிய மிஸ் காலையிலேயே வருவதாகப் பேச்சு. வழியில் மண் சரிந்து வண்டி வர முடியாமல், வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் விசில். சிங்களவர், தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். பெரியவர்களிடம் வழி கேட்கக் கூடாது, ஃபெக்டரியில் பகல் சங்கு ஊதுவதற்குள் முடிவிடத்தில் நிற்க வேண்டும் என்றார். "ஹரி பிள்ளைகள், ஓடுங்க" என்று விசில் ஊதினார்.

எப்படி ஓடினோம் என்கிறீர்கள். தண்ணீர்ப் பீலியடியில் முதல் அம்பு. ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற போக்கடியில் இரண்டாவது. கோயில் படிக்கட்டில் ஒரு பெருக்கல் குறி, அதற்கு எதிர்ப்பக்கம் அம்பு. ஒவ்வொன்றையும் கண்டதும் நாங்கள் போட்ட கூச்சலில் லயத்து நாய்களெல்லாம் சாரணியத்தில் சேர்ந்துகொண்டன. இப்படியே போனால் சங்குக்கு முன்பாகவே முடித்துவிட்டு நிழலில் உட்காரலாம் என்று தோன்றியது.

அம்பு காட்டிய ரோட்டில் வந்தால், ஒரு பக்கம் தேயிலை மலை செங்குத்தாக ஏறியது. ரோட்டோரத்துச் செடியின் தலையில் சில குச்சிகள் கிடந்தன. எங்களில் சின்னவள் ஒருத்தி கையை நீட்டினாள். பெரியம்மா மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அவள் என்னைவிட ஒரு மாதம் மூத்தவள், அதற்காக அக்கா என்று கூப்பிடச் சொல்கிறவள்.

"அது நிரைக் குச்சிடி. தொட்டா மலையே ரெண்டாயிரும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. கொழுந்து பறிக்கும் ஒவ்வொருவருக்கும் கங்காணி ஒரு வரிசைச் செடியைப் பிரித்துக் கொடுப்பார், அதுதான் நிரை. இது என் நிரை, இதுவரை பறித்துவிட்டேன் என்பதற்குப் பெண்கள் செடியின்மேல் குச்சி வைப்பார்கள். ஒருவர் வைத்த குச்சியை மற்றவர் எடுத்தால் அன்று கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் சண்டை போகும். நடக்கப் பழகும்போதே நாங்கள் பழகியது அது: தேயிலைமேல் கிடக்கிற குச்சியைத் தொடாதே. டவுனில் வளர்ந்த டீச்சருக்கு அது தெரியாது. தேயிலைமேல் குச்சி வைத்தால் எங்கள் கண்ணுக்கு அது அம்பாகத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. தலைவியான நானே, வாங்கடி ரோட்டோடு என்று சொல்லி, தடத்தை விட்டுவிட்டுப் படையை நடத்திக்கொண்டு போனேன்.

போனோம், போனோம். கல்லைப் பார்த்தோம், தண்ணீர் ஓடுகிற காணைப் பார்த்தோம், ஒரு அடையாளமும் இல்லை. வளைந்து வளைந்து போன ரோடு பள்ளத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மடுவத்தில் கொண்டுபோய் விட்டது. தராசைத் துடைத்துக்கொண்டிருந்த கங்காணி எங்களை மேலும் கீழும் பார்த்து, "என்னாங்கடி, வேலைக்குப் பேர் போட வந்தீங்களா? கூடை எங்க?" என்றார். பின்னால் டீச்சரும் பெரிய மிஸ்ஸும் வந்து சேர்ந்தார்கள். டீச்சரின் முகம் செத்துப்போயிருந்தது. பெரிய மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். பெரியம்மா மகள் கையைக் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க தலைவி, இப்ப எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். சின்னவள் அழுதே விட்டாள். யாரையும் பார்க்க முடியாமல் எதிரே இருந்த மலையைப் பார்த்தேன்.

பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

மலையில் காலையிலிருந்து பறித்து முடித்த பக்கம் முழுக்கக் கரும்பச்சையாக, கம்பளம் விரித்தமாதிரி மட்டமாகக் கிடந்தது. அதன் நடுவில் ஒரே ஒரு கோடு. இளம் கொழுந்து நுனி வெயிலில் மினுங்க, மஞ்சளும் பச்சையுமாக, ரோட்டோரத்துச் செடியிலிருந்து நேராக மேலே ஏறி, உச்சியில் சவுக்கு மரத்தடிப் பாறையில் போய் முடிந்தது. பறிக்காத ஒரு நிரை. மலைக்கு வகிடு எடுத்த மாதிரி. அது தொடங்குகிற இடத்தில்தான் அந்தக் குச்சிகள் கிடந்தன.

"அம்புடி," என்றேன். "அது அம்புடி."

பிறகு நாங்கள் ஓடியது ஓட்டமே இல்லை, பறப்பு. காணைத் தாண்டி, குறுக்குப் பாதையில் சறுக்கி இறங்கி, மறுபடி ஏறி, அந்த நிரைக்குள் புகுந்தோம். செடிக்குச் செடி அம்பு இருந்தது. ஒரு குச்சி அசையவில்லை. ஒவ்வொரு அம்பையும் தாண்டும்போது என் நெஞ்சு கூரைத் தகரத்தில் மழை பெய்கிறமாதிரி அடித்துக்கொண்டது. எங்கள் டீச்சர் எவ்வளவு பெரிய ஆள், மலையிலேயே கோடு போட்டுவிட்டாரே என்று வியந்துகொண்டே ஏறினேன். கொஞ்சம் தள்ளி, இன்னும் முடியாத நிரைகளில் பெண்கள் வரிசையாக நின்று பறித்தார்கள். பாதி மலையில் அம்மா நின்றார், இடுப்பில் படங்குச் சாக்கும் முதுகில் கூடையுமாக. தலையைக்கூடத் திருப்பவில்லை.

"பாத்துப் போங்கடி, அட்டை இருக்கு," என்றார், செடியிடம் சொல்வதுபோல.

பாறையடியில் வட்டமாகக் கல், நடுவில் ஒரு கல். கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தோம். குதித்துக்கொண்டு இருக்கும்போதே ஃபெக்டரிச் சங்கு ஊதியது. மூச்சு வாங்க ஏறி வந்த பெரிய மிஸ் ஒவ்வொருத்தி கழுத்திலும் மஞ்சள் துணியைக் கட்டி, நல்லதண்ணியில் சந்திப்போம் என்றார். டீச்சர் மட்டும் எங்களைப் பார்க்காமல் அந்த நிரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாட்டுப் பாடிக்கொண்டு மடுவம் வழியாக இறங்கினோம். பகல் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கூடை தராசில் தொங்கியது. கங்காணி முள்ளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, கொழுந்து பறிச்சியா, வேடிக்கை பாத்தியா? நடு மலையில ஒன் நிரை அப்படியே நிக்குது."

"அட்டை கடிச்சிருச்சுங்கண்ணே."

சுற்றி நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் துணியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போகும்போது அம்மா அந்த நிரையைப் பறித்துவிட்டு வரவேண்டும் என்று கங்காணி சொன்னதும் என் காதில் விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட மைதானத்தில் அன்று எங்களுக்கு விருந்து. கல் கூட்டி அடுப்பு மூட்டி, நாங்களே சமைத்த சோறும் பருப்பும். சோறு அடி பிடித்திருந்தது; இன்று வரைக்கும் அப்படி ஒரு சோற்றை நான் சாப்பிட்டதில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் மலையைப் பெருமையாகப் பார்த்தேன். வெறும் மலையில் ஒரே ஒரு உருவம். எங்கள் பச்சைக் கோடு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. யாரோ நம் தடத்தை அழிக்கிறார்கள் என்றாள் சின்னவள். அது யார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

இப்போது நான் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்க்கிற வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் அங்கே உள்ள சாரணியப் பிள்ளைகளுக்கு உதவிக்குப் போவேன். போன மாதம் தடம் பிடிக்கக் கூப்பிட்டால் ஒருத்தி, "லொகேசன் அனுப்புங்கக்கா, வந்துருவோம்" என்றாள். அவளிடமிருந்து போனை வாங்கி வைத்துவிட்டு, விடியற்காலையில் ஏறி, ஒரு நிரை முழுக்க நானே ஆசையாக அம்பு வைத்தேன். பிள்ளைகள் போய்ப் பார்த்தபோது மலை சீவி விட்டமாதிரி இருந்தது. என் குச்சிகள் காணுக்குள் கிடந்தன. அந்தப் பெண்கள்மேல் என்ன குற்றம்? கொழுந்து நின்றால் பறிப்பார்கள், குச்சி தடுத்தால் எடுத்துப் போடுவார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மலையைப் பார்த்தேன். எந்த இடத்திலும் ஒரு கோடு இல்லை. ஒரு நிரை தானாக நிற்காது. யாராவது அதை விட்டுவைக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை சாயந்தரம் அம்மா எல்லோருக்கும் பிந்தி வந்தார். கழுத்துத் துணியைக் கழற்றாமல் இஸ்தோப்பிலேயே காத்திருந்தேன், சண்டை போட. மாமாவைக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று வைத்திருந்தேனே, ஏன் எங்கள் பாதையை அழித்தாய் என்று கேட்டேன். அம்மா கூடையை இறக்கினார். தரையில் நான் போட்டிருந்த கல் வட்டத்தை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து, வாசலைக் கடந்தார்.

"கொழுந்துதானேடி. அடுத்த வாரம் வந்துரும்."

எனக்கு ஆறவில்லை. அன்று இரவு அம்மாவோடு பேசாமல், மஞ்சள் துணியோடேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.