கொக்குக்குப் போர்வை போட்டவர்

அந்தக் கொக்கைக் கண்டாலே எனக்குக் குமட்டும். வெள்ளிப் பூச்சுக் கொக்கு. ஒரு பெரிய காரின் மூக்கின் மேல், கழுத்தை வளைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நிற்கும். அந்தக் காருக்கு நிறுவனர் பெயரும் அவர் அப்பா பெயரும் சேர்ந்த நீளமான பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கொக்கு வண்டி என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

என் அக்கா வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். எனக்கு அத்தான். பெண் கேட்டு வந்தபோது என்ன வேலை என்று விசாரித்ததற்கு, டெலிவரி என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார். கொக்கு கம்பெனி என்ற வார்த்தையிலேயே எங்கள் வீட்டில் எல்லாரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை. உண்மையான வேலை என்னவென்று அக்காவுக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அக்காவுக்குத் தெரிந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமா. வெளியே மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். என் வாய் அப்படிப்பட்ட வாய்.

அத்தானின் வேலையைச் சொல்வதற்கு முன் அந்த நிறுவனரின் கதையைச் சொல்ல வேண்டும். ஊழியர்கள் எல்லாருக்கும் கம்பெனி தன் வரலாற்றைத் தடியான புத்தகமாக அச்சடித்துக் கொடுத்திருந்தது. அத்தான் அதைத் துணியில் சுற்றி டிவிக்கு மேலே வைத்திருப்பார். ஒரு மத்தியானம் பொழுது போகாமல் எடுத்துப் படித்தேன். நிறுவனர் ஆரம்பத்தில் தையல் மிஷின் பழுது பார்த்தவராம். முதல் காரைச் செய்து முடித்ததும், ஒரு பணக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போனாராம். பாதி மேட்டில் வண்டி நின்றுவிட்டது. கல்யாணத்துக்குப் போன கூட்டம் முழுக்கச் சுற்றி நின்று சிரித்தது. ஒருவன் கழுதையைக் கொண்டுவந்து வண்டிக்கு முன்னால் கட்டினானாம். நிறுவனர் பக்கத்துக் கடையின் கூடாரத் துணியைப் பிடுங்கி வண்டியை மூடிவிட்டு, கூட்டம் கலையும் வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே சபதம் எடுத்தார், தன் வண்டி வழியில் நிற்பதை இனி ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. இனிமேல் என் வண்டி நிற்காது என்று மனுஷன் சபதம் போடவில்லை. நிற்பதை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் போட்டிருக்கிறார். இத்தனை வருஷமாக அத்தனை பேர் படித்திருக்கிறார்கள், ஒருத்தருக்குமா இது உறைக்கவில்லை. பெரிய சாலையில் சுவருக்குச் சுவர் விளம்பரம் வேறு: "கொக்கு நின்று யாராவது பார்த்ததுண்டா?" இத்தனைக்கும் பிழைப்பே நிற்பதாக இருக்கிற பறவை அது.

யாரும் பார்த்ததில்லைதான். அதற்குத்தான் அத்தானுக்குச் சம்பளம். எங்காவது ஒரு கொக்கு வண்டி நின்றுவிட்டால் போன் வரும். பெயர் எழுதாத, நாலு பக்கமும் அடைத்த லாரி ஒன்று கிளம்பும். பின்னாடி சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய போர்வை மடித்து வைத்திருக்கும். சட்டம் ஒன்றே ஒன்று, முதலில் மூடு, மற்றதெல்லாம் பிறகு. காரின் சொந்தக்காரரை மாற்று வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைப் போர்த்தி, அடியில் கயிறு கொடுத்து இறுக்கிக் கட்டுவார். வண்டியின் டிரைவர் உள்ளேயே இருக்க வேண்டும். லாரிக்குள் இழுக்கும்போது ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டுமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எங்கள் அத்தான் முழுக் காரை நடுரோட்டில் மறைப்பவர். வண்டியை ஒழுங்காகச் செய்வதை விட்டுவிட்டு இப்படித் துணி, கயிறு, லாரி, ஆள் என்று ஊர் ஊராக அலைந்தார்கள். கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துக் கொக்கைப் பிடிக்கிற கதைதான்.

அத்தான் அதை வெறும் வேலையாக நினைக்கவில்லை, ஏதோ புண்ணியம் என்று நினைத்தார். ரோட்டில் ஒரு பெண்ணுக்குத் துணி விலகிவிட்டால் எடுத்துப் போர்த்திவிட மாட்டோமா, அது மாதிரிதான் என்பார். அந்தப் பெண் தனக்குத் துணி விலகவே விலகாது என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டவில்லையே என்று கேட்டேன். அவர் மிக்ஸிக்கு உறை மாட்டப் போய்விட்டார். அந்த வீட்டில் உறை இல்லாத பொருளே கிடையாது. டிவிக்கு உறை, நாற்காலிக்கு உறை, தண்ணீர்க் குடத்துக்குக் கூட உறை. மூடாமல் விட்டது அவருடைய பழைய ஸ்கூட்டரை மட்டும்தான். அது இரண்டு தெருவுக்கு ஒரு தடவை நிற்கும். ஊரே பார்க்க வெட்கமில்லாமல் தள்ளிக்கொண்டு வருவார்.

நல்ல மனுஷன்தான். யார் மனசும் நோகப் பேச மாட்டார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன கோடையில் சந்தைத் தெருவில் ஒரு கொக்கு நின்றது. நல்ல உச்சி வெயில். தெருவில் கூட்டம் நெரிந்ததால் லாரி உள்ளே நுழைய முடியவில்லை. அத்தான் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனார். சொந்தக்காரரை அனுப்பினார், வண்டியை மூடினார், கயிற்றை இறுக்கினார். டிரைவர் வழக்கம்போல உள்ளே. வண்டியில் கரண்ட் செத்துவிட்டதால் கண்ணாடியை இறக்க முடியாது. கயிறு இறுக்கிக் கட்டியிருந்ததால் கதவும் விரலளவுக்கு மேல் திறக்காது. பத்து நிமிஷத்தில் லாரி வந்துவிடும் என்றார்கள். தெருமுனையில் ஒரு மூட்டை வண்டி கவிழ்ந்து வழி அடைத்துக்கொண்டது. லாரி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வண்டியை லாரிக்குள் இழுத்து, கதவை அடைத்து, அதற்குப் பிறகுதான் அத்தான் போர்வையை அவிழ்த்தார். டிரைவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தார். உடம்பில் உயிர் இல்லை.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, உறையைத் தடவிப் பார்த்து மெச்சினார். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, போகாமல் கதவோரம் நின்றேன்.

"நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம்" என்றார் மேனேஜர். "டிரைவருக்கு உடம்பு முடியல, வண்டியை ஓரங்கட்டினார். நீங்க உதவிக்குப் போனீங்க. நின்னது அவரோட இதயம். வண்டி இல்ல."

சொல்லிவிட்டு டீயை ஊதி ஊதிக் குடித்தார். ஒரு மனுஷன் செத்ததை இவ்வளவு அழகாக மடித்து வைக்க முடியுமா என்று எனக்கு உடம்பு கூசியது. கம்பெனிக்கு நூறாவது வருஷ விழா வருகிறதாம். மேடையில் அத்தானைக் கூப்பிட்டு வெள்ளிக் கொக்கு ஒன்று கொடுப்பார்களாம். அத்தான் சரி சார் என்றார். மேனேஜர் போன பிறகு அந்தப் பழங்களை நான் தெருவில் போன மாட்டுக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு அத்தானிடம் ஒரு மாற்றம். யாராவது கதவைத் தட்டினால் அவருக்கு வேர்த்துக் கொட்டும். பால்காரர் தட்டினாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரி தட்டினாலும் சரி, இருந்த இடத்தில் அப்படியே உறைந்துவிடுவார். அக்கா பேசாமல் ஒரு காலிங் பெல் வாங்கி மாட்டினாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவள் எதையும் கேட்கிறவள் இல்லை.

டிரைவரின் சம்சாரம் வந்தபோது பெல்லைக் கவனிக்கவில்லை. கதவைத்தான் தட்டினாள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். மெலிந்த பெண், மாவு மில்லில் வேலை, புருவத்தில் கூட மாவு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அவள் புருஷனுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி இருந்ததாம், அதை மறைத்துக்கொண்டு வண்டி ஓட்டி முதலாளி உயிரோடு விளையாடினாராம். அப்படித்தான் கம்பெனிக்காரர்கள் எல்லா இடத்திலும் சொல்லி வைத்திருக்கிறார்கள். தெருவிலும் அதே பேச்சு. செத்தவரை நினைத்து அழக்கூட யாரும் நிம்மதியாக விடவில்லை என்றாள். விசாரணைக்கு மனு கொடுத்திருக்கிறாள். கூட நின்றவர் அத்தான்தான் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். புருஷன் பேர் கெடாமல் இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றாள்.

அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, மேனேஜர் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். உடம்பு முடியவில்லை, ஓரங்கட்டினார், உதவிக்குப் போனேன். எனக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி இருந்தது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உள்ள இருந்து அவர் கூப்பிட்டாரா?"

"இல்லம்மா. தூங்குறார்னு நினைச்சேன்."

அப்போது அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அத்தானை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"தட்டியிருக்கார்" என்றாள். "இப்ப யார் கதவைத் தட்டினாலும் இவருக்கு உயிர் போய் உயிர் வருது. வேற எதுக்கு அப்படி ஆகும்? சொல்லுங்க அவங்ககிட்ட. அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அத்தான் தரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தபோது குரல் யாருடையதோ போல இருந்தது. "முதல்ல பலமா தட்டினார். அப்புறம் மெதுவா. நான் பக்கத்துலதான் நின்னேன். போன் பண்ணிக் கேட்டேன். மூடினது மூடினபடியே இருக்கட்டும்னு சொன்னாங்க. சுத்திலும் கூட்டம். எல்லாரும் பாப்பாங்களேன்னு..."

அவள் அழவில்லை. இதை விசாரணையில் வந்து சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனாள்.

அத்தான் போனார். வேலை போகும் என்று தெரிந்தே போனார், போகவும் போயிற்று. துணைக்கு நானும் போனேன். விசாரணை அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, பெஞ்சில் டிரைவரின் சம்சாரம் உட்கார்ந்திருந்தாள். அத்தான் ஒன்று விடாமல் சொன்னார். கம்பெனி வக்கீல் எழுந்து மரியாதையாகத்தான் கேட்டார். இந்த மாதிரி ஒரு வேலை உங்களுக்கு இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் வெளியே யாரிடமாவது சொன்னதுண்டா? இல்லை. அக்கம்பக்கத்தில் என்ன வேலை என்று சொல்லியிருக்கிறீர்கள்? டெலிவரி. சந்தைத் தெருவின் பழக்கடைக்காரரும் செருப்புக்கடைக்காரரும் வந்து சாட்சி சொன்னார்கள். சாம்பல் நிறத்தில் ஏதோ மூடியிருந்தது, ரோடு போடுகிற மிஷின் என்று நினைத்தோம் என்றார்கள். லாரி ஓட்டியவர் கம்பெனி சொன்னபடியே சொன்னார். வண்டியின் சொந்தக்காரர் எதற்கு வாயைத் திறக்கப் போகிறார்? ஒரு சொத்தின் விலையைக் கொட்டிக் கொடுத்து வாங்கிய வண்டி நடுச்சந்தையில் நின்றது என்று சொன்னால் அவர் மூக்கும் அல்லவா உடையும்.

விசாரணை அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காசு வாங்கிய ஆளாகவும் தெரியவில்லை. அவர் உண்மையாகவே குழம்பிப்போய்த்தான் அத்தானைப் பார்த்தார்.

"நீங்க சொல்றத நான் எப்படிங்க நம்புறது? கொக்கு நின்னு இதுவரைக்கும் யாராவது பாத்திருக்காங்களா?"

சுவரில் ஒட்டியிருக்கிற விளம்பரத்தைத்தான் ஒப்பிக்கிறோம் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவே இல்லை. ஒரு சபதத்தை நூறு வருஷம் சுவரில் எழுதினால் அது சட்டப் புத்தகத்துக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

"இல்ல சார்" என்றார் அத்தான். "யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. நான் ஒழுங்கா வேலை பாத்தேன்."

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். உடல்நிலையை மறைத்த டிரைவர் என்றே தீர்ப்பு ஆயிற்று.

வெளியே படிக்கட்டில் அவள் எங்களுக்காகக் காத்திருந்தாள். அத்தான் அவள் முன்னால் போய் நின்றார். என்னை மன்னித்துவிடு என்று கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. நானும் அவள் மன்னித்துவிட வேண்டும் என்று நினைத்தேன், மனுஷன் வேலையை விட்டு வந்து உண்மையைச் சொன்னாரே என்று. அவள் அவரைக் கேட்க விடவில்லை.

"நீங்க சொன்னதை நான் நம்புறேன்" என்றாள். "ஆனா இன்னிக்கு அந்த ரூம்ல அவ்வளவு பேர் முன்னாடி வாயைத் திறந்தீங்களே, அன்னிக்கு அந்தத் துணியைக் கொஞ்சம் தூக்கியிருந்தா போதும்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மில்லுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது, வேகமாகத்தான் நடந்தாள். அத்தான் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார். அது கிளம்பவில்லை. எதிர்ச் சுவர் விளம்பரத்தில் அந்தக் கொக்கு கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது. அவர் அதைப் பார்க்காமல் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடந்தார், நான் பின்னாலேயே போனேன்.