ஹோல்டான் அக்கா போடாத கையெழுத்து

இருபத்திரண்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே காலம் தள்ளியவள் அவள். டெப்போவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; எல்லோருக்கும் ‘ஹோல்டான் அக்கா’தான். பஸ்ஸை நிறுத்த அவள் ‘ஹோல்டான்!’ என்று ஒரு குரல் கொடுத்தால் பின்னால் வருகிற பஸ்ஸும் சேர்ந்து நின்றுவிடும் என்று டிரைவர்கள் கிண்டலடிப்பார்கள்.

ஒரு மழைநாளில் படிக்கட்டில் வழுக்கி வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது ஆபீஸ் டாக்டர் அவளுடைய எக்ஸ்ரேயைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. ஒரு தடவை எழுந்து நில்லுங்கள் என்றுகூடச் சொல்லாமல் ‘பஸ் வேலைக்குத் தகுதியில்லை’ என்று எழுதி நீட்டிவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு டெப்போவின் பின்கட்டில் ஓர் அறை. பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்கள் அங்கேதான் வந்து சேரும். ஒற்றைச் செருப்புகள், மூக்குக்கண்ணாடிகள், ஒரு ஊன்றுகோல், யாரோ கழற்றி வைத்த பல்செட்டு. ஊன்றுகோலை விட்டுவிட்டு அந்த மனுஷன் எப்படி நடந்து போனான் என்று அவள் பலநாள் யோசித்ததுண்டு.

வருஷக் கடைசியில் யாரும் கேட்டு வராத பொருள்களுக்கு ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பயனற்றது’ என்று முன்கூட்டியே அச்சடித்திருக்கும். அவள் கையெழுத்துப் போட வேண்டும். குப்பை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அந்த வருஷம் முப்பத்தாறு வரிகள் வரைக்கும் மளமளவென்று போட்டவள், முப்பத்தேழில் நின்றாள். ‘பிஸ்கட் டின், விதைகள், ஆறு வருஷம்.’ அலமாரிக்கு அடியில் கிடந்து முந்தின பட்டியல்களுக்குத் தப்பியது அது.

இறுக்கமான மூடியைத் திறந்தாள். உள்ளே பேப்பரை மடித்துச் செய்த ஐந்து பொட்டலங்கள். தக்காளி, பூசணி, கத்தரி, வெண்டை, வெங்காயம் என்று ஒவ்வொன்றின் மேலும் நெருக்கி எழுதியிருந்தது. பூச்சி இல்லை, ஈரம் இல்லை.

பட்டியலைக் கேட்டு மேனேஜரே வந்துவிட்டார்.

“என்னம்மா, ஒரு வரி பாக்கி இருக்கு?”

“இது பயனற்றதான்னு எனக்குத் தெரியாது சார்.”

“ஆறு வருஷம் ஆன விதை. இதுல தெரியிறதுக்கு என்ன இருக்கு?”

“போட்டுப் பாத்தாத்தானே தெரியும்? பாக்காம நான் எழுத மாட்டேன்.”

“எழுத வேண்டாம். அடிச்சே குடுத்திருக்கு. கையெழுத்து மட்டும் போடுங்க.”

“அதைத்தான் சார் போட மாட்டேங்கிறேன்.”

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு தாள் மேஜையில் தங்கிவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. லாரிக்குச் சொல்லி அனுப்பியாயிற்று என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவள் ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் பத்து விதை எண்ணி எடுத்தாள். நனைத்த துணியில் வரிசையாகப் பரப்பி, மடித்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, கேன்டீன் அடுப்புக்குமேல் இருந்த பலகையில் வைத்தாள். அங்கே எப்போதும் இளஞ்சூடு இருக்கும். ஐந்தாம் நாள் போனபோது பலகை காலியாக இருந்தது.

கேன்டீன்காரி தலையைக் குனிந்துகொண்டாள். “மேனேஜர்தான் அக்கா. சாப்பிடுற இடத்துல அழுக்குத் துணியான்னு கேட்டுக் குப்பைல கொட்டிட்டாரு.”

அவள் விடுவிடுவென்று மேனேஜர் அறைக்குப் போனாள். முழங்கால் வலித்தது, உட்காரவில்லை.

“பத்து பத்துதான் சார் எடுத்தேன். பிஸ்கட் டின்னுல இன்னும் நிறைய இருக்கு. நீங்க கொட்டக் கொட்ட நான் போட்டுக்கிட்டே இருப்பேன். லாரியை நிறுத்தி வைங்க.”

அவர் பதில் சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த பத்துப் பத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் புருஷன் சலூன் வைத்திருப்பவர். அவள் துணி நனைத்த லட்சணத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“இப்படித் தண்ணி சொட்டினா அழுகித்தான் போகும். கஸ்டமர் மூஞ்சிக்கு டவல் பிழியிற மாதிரி பிழியணும். குடு இங்க.”

அவரே பிழிந்து கொடுத்தார். டப்பா ஃப்ரிட்ஜின் தலைமேல் ஏறியது. தினமும் காலையில் திறந்து காற்று காட்டிவிட்டு மூடினாள். ஆறு நாள் ஒன்றுமே இல்லை. ஏழாம் நாள் வெங்காயத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. மேனேஜர் சொன்னதுதான் சரியோ என்று முதல்முறையாகத் தோன்றியது. வெங்காயத்தை மட்டும் தனியே எடுத்துப் போட்டுவிட்டு மூடிவைத்தாள். எட்டாம் நாள் பூசணி ஓட்டைப் பிளந்து வெள்ளையாக ஒரு முனையை நீட்டியது. மறுநாள் தக்காளி. கிழட்டு விதைக்கு விழித்துக்கொள்ள நேரம் பிடிக்கும்போல என்று புருஷனிடம் சொல்லி, பதினோரு நாள் விட்டு எண்ணினாள்.

பட்டியலில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டுத் தன் கையால் எழுதினாள்: ‘பூசணி பத்துக்கு ஏழு. தக்காளி ஆறு. கத்தரி நாலு. வெண்டை இரண்டு. வெங்காயம் ஒன்றுமில்லை. வெங்காயம் மட்டும் பயனற்றது.’

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். “இதை நான் எங்கம்மா அனுப்புறது?”

“பயனுள்ள பொருளை ஊழியர் எழுதிக் கேட்டா குடுக்கலாம்னு விதி இருக்கு. எழுதிக் கொண்டாந்திருக்கேன்.”

அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். அவள் இரண்டாவதாக ஒரு தாளை எடுத்து வைத்தாள். அவளை மறுபடி டாக்டரிடம் அனுப்பச் சொல்லும் மனு.

“அது முடிஞ்சுபோன விஷயம்மா.”

“பாக்காம முடிச்ச விஷயம் சார். விதைக்கே நான் பதினோரு நாள் குடுத்தேன். அந்த டாக்டர் எனக்கு ஒரு அரை மணி நேரம் குடுக்கட்டும்.”

மேனேஜர் மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் பேனாவை மறுபடி திறந்தார்.

இந்த முறை வேறொரு டாக்டர், ஒரு பெண். மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னாள். நிற்கவைத்துக் கேள்வி கேட்டாள். காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். “முழு நாளும் நிக்க முடியுமா?” என்று கேட்டபோது அக்காவுக்குப் பொய் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“நாலு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல வீங்கிடும்,” என்றாள்.

அப்படியே எழுதிக் கொடுத்தாள் டாக்டர். காலையில் அரைநாள் டவுன் பஸ், அதன்பிறகு பழைய அறை. முழுசாகக் கிடைக்கவில்லை என்ற குறை அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனாலும் முதல் நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறியதும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வழக்கத்தைவிடச் சத்தமாக ஒரு ‘ரைட்’ கொடுத்தாள்.

சலூனுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் புருஷனும் பொண்டாட்டியுமாக விதைத்தார்கள். வெண்டையைக் குழிக்கு ஐந்தாகப் போட்டாள். ஒன்றாவது தலை காட்டட்டும் என்று. சில குழிகளில் ஒன்றுமே வரவில்லை. தக்காளி நாற்று தேவைக்குமேல் வந்தது. மிச்சத்தை டிரைவர்கள் டிபன் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த வருஷப் பட்டியலில் நாற்பத்திரண்டு குடைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் எதிரே அதே வார்த்தை. மேனேஜர் எட்டிப் பார்த்தபோது அறைக்குள் கால் வைக்க இடமில்லை. அவள் பதினேழாவது குடையை விரித்துக்கொண்டிருந்தாள்.