மெதுவா ஓடுக்கா

அந்த மத்தியானம் ஏரிக்கரையில் இருந்தவர்கள் நான்கு பேர். அக்கா, பெரியப்பாவின் மகன்கள் இருவர், சித்தப்பாவின் புதுச் செல்போனைக் கையில் வைத்திருந்த நான். அப்பா திண்டிவனம் மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அம்மா கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தாள். இருவரில் ஒருவர் இருந்திருந்தாலும் என் முதல் படம் எடுக்கப்பட்டிருக்காது.

எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபத்தொன்று. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசல் மிதித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். போலீஸ் ஆளெடுப்புக்காக அவள் தினமும் விடியலில் பஸ் ஏறி விழுப்புரத்துக்கு ஓட்டப் பயிற்சிக்குப் போய்வந்தாள். ஆளெடுப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அவள் ஓடும்போது கால் தரையில் படுகிறதா என்றே எனக்குச் சந்தேகம் வரும்.

கதை சுலபம். இரண்டு ரவுடிகளை அடித்துப் போட்டுவிட்டு அக்கா ஓடையைத் தாண்ட வேண்டும். எப்படி எடுப்பது என்பதைச் சண்டைப் படங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தன. ஆம்பிளை வந்தால் முகம். பொம்பளை வந்தால் பாதத்தில் தொடங்கி மெல்ல ஏறி, இடுப்பில் கொஞ்சம் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கொலுசை வாங்கி வந்து மாட்டிவிட்டு, அவள் தலையில் ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றினேன்.

"அடிக்கப் போறவளுக்கு எதுக்குடா கொலுசு?"

"சினிமால அப்டிதான்க்கா. மெதுவா ஓடுக்கா. இன்னும் மெதுவா."

"ஜல்தியா ஓடு, ஜல்தியா ஓடுன்னு அங்க மாஸ்டர் உயிர எடுத்துக்கினு கீறாரு. நீ மெதுவா ஓட சொல்றியா?"

சிரித்துக்கொண்டே ஓடினாள். கானல் அசையும் கரையில், தண்ணீருக்குள் நடப்பவள்போல வந்தாள். ரவுடியாக நின்ற பெரிய அண்ணனை நிஜமாகவே தூக்கிப் போட்டாள். ஓடையை ஒரே தாவில் தாண்டினாள். அந்நேரம் நான் அவள் ஈரச் சடையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் கொலுசு இருந்தது, சடை இருந்தது, இடுப்பு இருந்தது. அடி விழவே இல்லை. அண்ணன்கள் காற்றுப் பட்டுத் தாமாகவே சாய்ந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கூட்டேரிப்பட்டு டீக்கடைக்குப் போனார். போன் கைமாறிக் கைமாறிப் போனது.

"இன்னொரு தபா போடு மச்சான்."

"அந்த எடத்துல நிறுத்து, நிறுத்து!"

பாட்டுகூட இல்லாத படத்தை ஐந்தாறு முறை பார்த்தார்கள். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

"யாரு பொண்ணுடா இது?"

"எங்க அக்கா!" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பா எங்கள் பின்னால் நின்றிருந்தார். போனை வாங்கிப் பார்த்தார். சித்தப்பாவை அழிக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு நடந்தார். வாசலிலேயே அக்காவிடம் சொன்னார்:

"நாளையிலருந்து கிரவுண்டுக்குப் போவாத. போலீசும் வேணா, ஒண்ணும் வேணா."

"நான் இன்னாப்பா பண்ணேன்?"

அப்பா துண்டை உதறிக்கொண்டு உள்ளே போனார்.

ஆளெடுப்பு நாளன்று அக்கா அம்மாவோடு மல்லாட்டைக் கொல்லையில் குனிந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, படம் அழிந்துபோன என் துக்கத்தைச் சொன்னேன். எத்தனை பேர் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள், படம் நன்றாக இல்லாமலா கேட்டிருப்பார்கள் என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த செடியைப் பிடுங்கினாள். அவர்கள் பார்த்தது என் படத்தைத்தான் என்று அன்று நான் முழுசாக நம்பினேன்.

அடுத்த ஆளெடுப்பு வந்து, அப்பாவும் மனம் இளகி, அக்கா காக்கி போட்டபோது மூன்று வருஷம் போயிருந்தது.