வாயில்லாத பூச்சி

ராயப்பன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம் சுவரில் விடிய விடிய ஒரு பல்பு எரியும். அந்த வெளிச்சத்துக்கு வந்து ஒட்டியிருக்கும் அந்துப்பூச்சிகளை வரைவதற்கென்றே ஓவிய டீச்சர் ஒருவர் சனிக்கிழமை காலைகளில் ஸ்கூட்டியில் வருவார். ஐம்பது வயதிருக்கும். கொண்டையில் பென்சிலைச் செருகியிருப்பார். எந்தப் பூச்சியையும் பிடிக்க மாட்டார். வரையும்போதே அது பறந்துவிட்டால், பாதிப் படத்தோடு நோட்டை மூடிவிடுவார்.

ஒரு சனிக்கிழமை அவருக்கு முன்பே நான் போய்விட்டேன். சுவரில் என் உள்ளங்கையைவிடப் பெரிய பூச்சி ஒன்று, செம்மண் நிறத்தில், இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. இது எத்தனை கொடியைத் தின்றுதீர்க்குமோ என்று விளக்குமாற்றை எடுத்து அடித்துவிட்டேன்.

டீச்சர் வந்து பார்த்தார். தரையில் உட்கார்ந்து, நசுங்கிக் கிடந்ததை அப்படியே வரையத் தொடங்கினார்.

"இலையத் திங்கும்னுதான் டீச்சர் அடிச்சேன்" என்றேன்.

"இது ஒண்ணும் திங்காதுண்ணே. இதுக்கு வாயே கிடையாது. புழுவா இருக்கைல தின்னத வச்சுத்தான் இந்த ஒரு வாரம் உசுரோட இருக்கும். முட்டையிட்டுட்டுச் செத்துரும்."

நான் நம்பவில்லை. லென்ஸை நீட்டினார். குனிந்து பார்த்தேன். வாய் இருக்கவேண்டிய இடத்தில் மயிர்தான் இருந்தது.

வரைந்து முடித்ததும், "அந்த வெளக்குமாத்தக் குடுங்கண்ணே" என்றார். ஈர்க்குகளில் கம்பு மணி போல ஏழெட்டு முட்டைகள் உடையாமல் ஒட்டியிருந்தன. விளக்குமாற்றை வண்டியில் பத்திரமாக வைத்து எடுத்துப் போனார்.

இப்போதும் வருகிறார். அந்த முட்டைகள் பொரிந்தனவா என்று அவராகச் சொல்லவில்லை. கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.