மிதப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்

அந்தப் புத்தகம் நோர்வேயிலிருந்து வந்தது. என் கணவரின் தங்கை அனுப்பிய பொதிக்குள், சொக்லேட்டுக்கும் ஒரு தடித்த குளிர்ச்சட்டைக்கும் நடுவில் கிடந்தது. மன்னார் வெயிலில் இருக்கிற பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை அனுப்புகிற ஆள், புத்தகத்தை மட்டும் யோசித்தா அனுப்பியிருப்பாள்? ஒரு சின்னப் பெண் பிள்ளை நீச்சல் பழகுகிற படக்கதை. எழுத்தெல்லாம் அந்த நாட்டு மொழி. வீட்டில் எவருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. ஆகவே படத்தைப் பார்த்து நானே கதை கட்டினேன்.

மகளுக்கு அப்போதுதான் ஆறு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சோறு தின்ற கையை ஒழுங்காகக் கழுவாமலே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தையல் மெசினடிக்கு வந்துவிடுவாள். நான் வீட்டில் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். மெசினை நிறுத்தாமல் ஒரு கண்ணால் படத்தைப் பார்த்துக் கதை சொல்வேன். பெரிய மண்டபத்துக்குள் நீலத் தண்ணீர். அடியில் பதித்த மாபிள் கட்டம் கட்டமாகத் தெரியும். தாய்க்காரி இடுப்பளவு தண்ணீரில் நின்று பிள்ளையின் வயிற்றுக்குக் கீழே கை கொடுத்திருப்பாள். அவள் போட்டிருந்த நீச்சல் உடுப்பைப் பார்த்து மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "அங்கத்தைய ஆக்கள் அப்பிடித்தான்," என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

ஒரேயொரு பக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அதில் பிள்ளை கையில் மாட்டியிருந்த காற்றுப் பைகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீருக்கு அடியில் தனியாக இருக்கும். முழுப் பக்கமும் நீலம். கண் திறந்தபடி. வாயிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் மேலே போகும். கீறினவருக்கு அது சந்தோசமான படமாக இருந்திருக்கலாம். எனக்கு அது தாண்டு மூழ்கிப்போகிற பிள்ளையின் படம். அந்த இடம் வந்தால் இரண்டு தாளையும் சேர்த்துப் புரட்டிவிடுவேன்.

அவள் விடுகிற ஆளா?

"அம்மா, ஒரு பக்கத்தை விட்டிட்டீங்கள்."

"விடேல்ல."

"விட்டிட்டீங்கள். இஞ்ச பாருங்கோ. இதில அம்மாக்காரியைக் காணேல்லயே?"

"அவ மேல நிக்கிறா."

"அப்ப பிள்ளை தாண்டு போகாதா?"

"போகாதடி. தண்ணி தூக்கும்."

மெசினில் ஒரு சட்டைக் கொலர் கோணிக்கொண்டு நின்றது. அந்த எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த நீலப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என்ன யோசித்தாள் என்பது அடுத்த கிழமையே விளங்கிவிட்டது. கிணற்றடியில் தண்ணீர் நிரப்பி வைக்கிற பிளாஸ்டிக் பரல் ஒன்று நின்றது. உடுப்பு அலசப் போன நான், பரலுக்கு மேலே இரண்டு சின்னக் கால்கள் நிற்பதைக் கண்டேன். என்ர மாதாவே! தலைகீழாக உள்ளே போயிருந்தாள். காலைப் பிடித்து இழுத்தேன். இருமி, மூக்கால் தண்ணீர் விட்டு, மூச்சு வந்ததும் நான் போட்ட முதல் அடி முதுகில் விழுந்தது. அவள் அழவில்லை. கோபத்தோடு என்னைப் பார்த்தாள்.

"தண்ணி தூக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பிள்ளை எப்படியும் தண்ணீருக்குள் போகத்தான் போகிறாள். நாங்கள் பழக்கினால் உயிரோடு திரும்பி வருவாள். பழக்காவிட்டால் ஒருநாள் நான் இழுக்கப் பிந்திவிடுவேன்.

என்னால் பழக்க ஏலாது. நான் உயிலங்குளத்துப் பிள்ளை. வயலும் வரம்பும்தான் தெரியும். மாரிக்குக் குளம் நிரம்பினால் அம்மா எங்களைக் குளக்கட்டுப் பக்கமே விடமாட்டா. கலியாணம் கட்டி மன்னார்த் தீவுக்கு வந்த பிறகும் கடலில் முழங்காலுக்கு மேல் நான் இறங்கியதில்லை. என் கணவர் கடலிலேயே வளர்ந்தவர். அவரைப் பிடித்தேன்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு நீச்சல்? வள்ளத்திலயே போகப்போறாள்?"

"ஓம், கடல் ஆம்பிளை பொம்பிளை பாத்துத்தானே ஆளை எடுக்குது!"

"வாயைப் பார் வாயை," என்றார். ஆனால் பரல் கதையைச் சொன்னதும் மனுசனின் முகம் மாறிவிட்டது. அவரை அவருடைய தகப்பன் வள்ளத்திலிருந்து தூக்கிக் கடலில் எறிந்துதான் பழக்கினாராம். அதைப் பற்றி அவர் அதற்கு மேல் ஒருநாளும் கதைத்ததில்லை.

அவர் எங்கள் பிள்ளையை எறியவில்லை. மண்ணெண்ணெய் வந்த மஞ்சள் கான் ஒன்றைக் கழுவி, மூடியை இறுக்கி, வலைக் கயிற்றால் அவள் வயிற்றோடு சேர்த்துக் கட்டினார். எங்கள் கரையில் ஆம்பிளைப் பிள்ளைகள் பழகுவதும் அப்படித்தான். கான் மிதக்கும், பிள்ளை அதோடு சேர்ந்து மிதக்கும், காலை அடித்தால் போதும். எத்தனை தரம் சவுக்காரம் போட்டும் எண்ணெய் மணம் போகவில்லை. கடலுக்குப் போய்வந்த பிள்ளை எஞ்சின் மாதிரி மணத்தாள்.

அது தெற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றுக் காலம். தீவின் வடகரையில் அந்த நாட்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கரையில் அலை இருக்காது. கடல் தட்டையாகக் கிடக்கும். எனக்கு அந்த அமைதியே பிடிக்கவில்லை. சத்தம் போடுகிற கடலை நம்பலாம், அது தன் குணத்தைச் சொல்லிவிட்டுத்தானே வருகிறது. இது ஒன்றும் சொல்லாமல் கிடந்தது.

முதல் நாட்களில் அவர் அவளோடு தண்ணீரில் நின்றார். பிறகு அவளே காலடித்துப் போகத் தொடங்கியதும் கரையில் வந்து இருந்துவிட்டார். நங்கூரம் போட்டு நிற்கிற வள்ளங்களைத் தாண்டக் கூடாது என்பது மட்டும்தான் கட்டளை. அவர் பூவரசு நிழலில் கிழிந்த வலை பொத்துவார். நான் பக்கத்தில் இருந்து சட்டை பூட்டுகிற தெறிகளைத் தைப்பேன். தொடக்கத்தில் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஓர் ஊசிக் குத்துக்கு ஒரு தரம் நிமிர்ந்து பிள்ளையின் தலையைத் தேடுவேன். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசும், சின்னத் தலை எங்கே தெரிகிறது?

"தலையைத் தேடாதயும். மஞ்சளைப் பாரும்," என்றார். "நாங்கள் வலை விட்டிட்டு வலையையே பாக்கிறம்? வலையில கட்டின மிதப்பைப் பாப்பம். மிதப்பு நிண்டா வலை நிக்குது."

மீன்பிடிக்கிற சனம் எல்லாம் அப்படித்தான். கரையில் நின்று கண்ணைச் சுருக்கி, மிதப்பைக் கண்டவுடன் நிம்மதியாக வெற்றிலையைப் போடும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நானும் பழகிவிட்டேன். மஞ்சள் தெரிந்தால் என் மனமும் ஆறிவிடும். ஒரு மாதத்துக்குள் நானும் கடற்கரைக்காரி ஆகிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அந்தப் பின்னேரம் காற்று கொஞ்சம் கூட. பூவரசு இலைகள் எல்லாம் கடல் பக்கமாகத் திரும்பி நின்றன. கழுதை ஒன்று எங்களுக்குப் பின்னால் வந்து நின்று, தின்னவும் இல்லை, போகவும் இல்லை. மகள் கானோடு முதல் வள்ளத்தடி வரைக்கும் போயிருந்தாள். நான் நிமிர்ந்தேன். மஞ்சள் தெரிந்தது. கையைத் தூக்கி ஆட்டினேன். அவரும் வலை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையை ஆட்டினார். கான் ஒருதரம் எழும்பி இறங்கியது. அவள்தான் எங்களுக்குத் தலையாட்டுகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்னொரு தெறி தைத்து முடித்தேன்.

"கான் கொஞ்சம் கெதியாப் போற மாதிரிக் கிடக்கு," என்றேன்.

"காலடிக்கிறாள். நல்லாப் பழகிட்டாள்."

மறுபடியும் கையாட்டினேன். கான் இரண்டாவது வள்ளத்தையும் தாண்டியிருந்தது. கூப்பிட்டு ஏச வேண்டும் என்று எழும்பினேன். அப்போது காற்று ஒன்று பலமாக அடித்தது. கான் ஒருபக்கமாகச் சரிந்து, முழுதாக ஒருதரம் உருண்டு, அடிப்பக்கத்தைக் காட்டியது. பிள்ளையோடு கட்டியிருந்தால் அது அப்படி உருளாது. வலைக் கயிறு மட்டும் பின்னால் இழுபட்டுக்கொண்டு போனது.

நான் கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. அவர் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் கரையில் முழங்காலளவு தண்ணீர் நெடுந்தூரம் கிடக்கும். அதில் ஓட முடியாது. ஒவ்வொரு காலையும் சேறு பிடித்து வைத்துக்கொண்டது. அவர் விழுந்து எழும்பினார், பிறகு நீந்தினார். நான் இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் போனேன். அதற்குப் பிறகு கால் வரவில்லை. பெத்த பிள்ளை கடலுக்குள், எனக்குக் கால் வரவில்லை. ஐயோ, அந்தக் காலை வெட்டிப் போட்டிருக்கலாம்.

அங்கே நின்றுதான் கண்டேன். அவர் கானை நோக்கி நீந்திக்கொண்டிருந்தார். அது வெறும் கான் என்று கண்ணால் கண்ட பிறகும் அவருடைய கை மஞ்சளுக்குத்தான் போனது. நான் கானிலிருந்து கண்ணைப் பிடுங்கி எடுத்தேன். கான் இல்லாத இடமெல்லாம் பார்த்தேன். முதல் வள்ளத்தின் நங்கூரக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. மற்ற வள்ளங்களின் கயிறுகள் ஆடவில்லை. ஆடிய கயிற்றில், தண்ணீரோடு தண்ணீராக, இரண்டு கைகளும் ஒரு நெற்றியும் தெரிந்தன.

"வள்ளத்தடியில! வள்ளத்தடியில!" என்று கத்தினேன். காற்று கடல் பக்கம் வீசியதால் என் குரல் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பினார்.

தூக்கிக்கொண்டு வரும்போது அவளுடைய உதடு கறுத்திருந்தது. கயிற்றில் ஒட்டியிருந்த சிப்பி இரண்டு உள்ளங்கையையும் கீறிப்போட்டிருந்தது. நான் பறித்து மடியில் போட்டு, நெஞ்சைத் தடவி, முதுகைத் தடவி, மாதாவே மாதாவே என்று அரற்றினேன். வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"ஏன் பிள்ளை கானைக் கழட்டினனீ?" அவர் கேட்டார்.

"புத்தகத்தில பிள்ளை கழட்டினதுதானே," என்றாள். "முதல்ல தண்ணி தூக்கினது. பிறகு தூக்கேல்ல."

"கூப்பிட்டிருக்கலாமேயம்மா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"கூப்பிட்டனான். கன தரம் கூப்பிட்டனான். நீங்கள் ரெண்டு பேரும் கானுக்குக் கை காட்டினீங்கள்."

அவர் ஈர மணலில் அப்படியே குந்திவிட்டார். கான் அதன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கப் போகவில்லை.

புத்தகத்தை அலுமாரிக்கு மேல் தூக்கிப் போட்டேன். இனிக் கடல் என்ற கதையே இந்த வீட்டில் வேண்டாம் என்று அவர் சொன்னார். நானும் எதிர்க்கதை சொல்லவில்லை, அதுவே அதிசயம். கை ஆறும்வரை மகள் தானாக வாய் திறக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சாப்பிடுவாள், பள்ளிக்கூடம் போவாள். ஆனால் என் மடிக்கு வரவில்லை. எனக்கு அந்த அமைதி கடலை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது. கிணற்றடிப் பரலைக் கவிழ்த்து வைத்தேன். கிணற்றுக்குத் தகரம் போட்டு மூடினேன். இரண்டு தரம் அவள் படலையைத் திறந்துகொண்டு தனியாகக் கரைப் பக்கம் நடந்ததை நான் பின்னால் ஓடிப் பிடித்தேன்.

கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். "இஞ்சருங்கோ, நாங்கள் கூட்டிக்கொண்டு போகாட்டி இவள் தனியப் போயிடுவாள்."

அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை புதிதாக இரண்டு கான்கள் கொண்டுவந்தார். கயிறும் தடித்த கயிறு. கரையில் அவளுக்கு முன்னால் முழங்காலில் நின்று, கழற்ற ஏலாத முடிச்சு ஒன்றைப் போடத் தொடங்கினார். அவள் அவருடைய கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

"கான் வேண்டாம், அப்பா."

"கான் இல்லாமல் தாண்டு போயிடுவாய் குஞ்சு."

"கான் இல்லாட்டித்தான் நீங்கள் என்னைப் பாப்பீங்கள்."

அவர் கயிற்றை மணலில் வைத்தார். நான் செருப்பைக் கழற்றினேன். அவள் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கினாள்.