தேனெடுக்க ஏறிய அபோண்டி

ஓவிட்டி விழுந்து செத்த நாலாம் நாள், அவனுடைய தம்பி ஓயுகி கோடாரியோடு வந்து நின்றான். வேலியோரத்து சியாலா மரம் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூத்திருந்தது. அதன் உச்சியில் தொங்கிய தேனீப்பெட்டியில் தேனெடுக்கப் போனபோதுதான் கிளை முறிந்து ஓவிட்டி விழுந்தான்.

“ஆளைக் கொன்ன மரம் அண்ணி. வீட்டுல நிக்கக் கூடாது.”

ஓவிட்டியின் மனைவி அபோண்டி அண்ணாந்து பார்த்தாள். “வெட்டிக்கோ. முதல்ல தேனை எடுத்துடுறேன்.”

“நீங்களா? பொம்பளை மரமேறினா ஊரு சும்மா இருக்குமா?”

“அப்ப ஊரே ஏறி எடுத்துத் தரட்டும்.”

பதினாறு வருஷமாக அவள் எனக்கு அடுத்த வீட்டுக்காரி. சந்தையில் மீன் விற்பாள். ஓவிட்டியைத் தூக்கி வந்த அன்று முற்றம் முழுக்கப் பெண்கள் கதறினார்கள். அவள் மட்டும் உதிர்ந்த பூக்களைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். “நெஞ்சா, அம்மிக்கல்லா இவளுக்கு?” என்று நாத்தனார் அகுமு எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். அபோண்டி துடைப்பத்தை நிறுத்தவில்லை.

ஓயுகி கோடாரியோடு காத்து நிற்க, அவள் புருஷனின் சட்டையை மாட்டிக்கொண்டு, புகைச்சட்டியுடன் ஏறினாள். நான் கீழே வாளி இறக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். தேனீக்கள் அவள் முகத்தை மொய்த்தன.

“இறங்குடி! போதும்!” என்று கத்தினேன்.

அவள் இரண்டு வாளி நிறைய தேனடையை இறக்கிய பிறகுதான் இறங்கினாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கொடுக்குகளை நகத்தால் பிடுங்கினேன். முப்பதுக்கு மேல் எண்ணவில்லை.

“வலிக்குதா?”

“தெரியலையே” என்றாள், வேறு யாரையோ பற்றிக் கேட்டதுபோல.

துக்கத்துக்கு வந்திருந்த எல்லோருக்கும் தேன் கொடுத்தாள். அகுமுவுக்கும் ஒரு கிண்ணம். அகுமு வழித்து நக்கிச் சாப்பிட்டாள். மதியத்துக்குள் மரம் சாய்ந்தது. தடிகளை ஓயுகி தன் மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துப் போனான். அபோண்டி அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். என்னமோ, மரம் வெட்டக் கூலிக்கு வந்த ஆளை உபசரிப்பதுபோல இருந்தது.

அடுத்த மழைக்குப் பின் சோளக்கொல்லைக்குப் பின்னாலிருந்த சியாலா மரங்களில் நான்கு பெட்டிகள் கட்டினாள். ஏணியைத் தூக்கிப் போகிறவளைப் பார்த்து, “மீசை முளைச்சாச்சா?” என்று சந்தைப் பெண்கள் கேட்டார்கள். அவள் ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள். முன்பென்றால் அவர்களின் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டியிருப்பாள்.

போன வாரம் ஓயுகி வந்தான். தலையைச் சொறிந்துகொண்டே, “எனக்கும் ஒரு பெட்டி கட்டத் தெரிஞ்சா நல்லாருக்கும் அண்ணி” என்றான்.

“காலையில வா. வெறும் வயித்தோட வராதே, மயக்கம் வரும்” என்றாள் அபோண்டி, மீனுக்குச் செதில் எடுத்தபடியே.