சர்ஜரி நேர்காணலும் ஓர் ஆடி மாதக் கல்யாணமும்

எங்கள் ஜோகூர் ஆஸ்பத்திரியில், சர்ஜரி ஸ்பெஷலிஸ்ட் பயிற்சிக்கு விண்ணப்பித்திருப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கேட்டால், "நானாவது, சர்ஜரியாவது!" என்று கையை உதறுவார்கள். இடம் கொஞ்சம், ஆசைப்படுகிறவர்கள் வார்டு நிறைய. மருத்துவம் படிக்கும்போதே சர்ஜன் ஆவது என்று தீர்மானித்தவள் நான். முதல் முறை கிடைக்கவில்லை. மறுமுறை நேர்காணலுக்குக் கோலாலம்பூருக்கு அழைத்தபோது அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நேர்காணல் நாளன்று பார்த்து எனக்கு ஆன்-கால் டியூட்டி. என்னோடு சேர்ந்து ஹவுஸ்மன்ஷிப் பயிற்சி முடித்த நண்பனிடம் மாற்றிக்கொள்ளக் கேட்டேன். தம்போய் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், வீட்டில் கட்டாயம் வரச் சொல்கிறார்கள் என்று கூசாமல் அளந்தேன்.

"அலமாக், அன்னைக்கு என்னால முடியாது லா. பத்து பாகாட் டவுன்ல கஸின் கல்யாணம்."

ஆடி மாதத்தில் எந்தத் தமிழ் வீட்டில் கல்யாணம் வைக்கிறார்கள்? பொய் சொல்கிறவன் பஞ்சாங்கத்தை ஒரு புரட்டாவது புரட்டியிருக்க வேண்டாமா? "நல்லபடியா நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வேறொரு டாக்டரிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டேன். இவனும் விண்ணப்பித்திருப்பானோ? அதன் பிறகு அவன் போன் பேச வெளியே போனாலும் எனக்குச் சந்தேகம், பெரிய டாக்டர் அவனைப் பார்த்துச் சிரித்தாலும் சந்தேகம். ஒரு நாள் எனக்கும் சேர்த்து ரொட்டி சானாய் வாங்கி வந்தான். திடீரென்று எதற்கு இந்த உபசாரம் என்று யோசித்துக்கொண்டே தின்றேன்.

கோலாலம்பூரில் நான் காத்திருந்தபோது நேர்காணல் அறைக் கதவு திறந்தது. புது டையும் பளபளக்கும் ஷூவுமாக அவன் வெளியே வந்தான்.

"கூழ் ஊத்தியாச்சா?" என்றான்.

"தாலி கட்டியாச்சா?" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு வயிறு எரிந்தது.

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் போனது. முடிக்கிற நேரத்தில் ஒரு பேராசிரியர், "இப்போது போனவரும் உங்கள் ஆஸ்பத்திரிதானே? அவர் வேலை எப்படி?" என்று கேட்டார். அவனிடமும் என்னைப் பற்றிக் கேட்டிருப்பார்கள், என்ன சொல்லித் தொலைத்தானோ. ஏதாவது ஒரு குறை சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் அவன் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தான். "எவ்வளவு ரத்தம் போனாலும் பதற மாட்டார். கைவேலை சுத்தம்" என்றேன்.

அவனுக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. முடிவு வந்த அன்று கேன்டீனில் அவன் எதிரே போய் உட்கார்ந்து, நேரடியாகவே கேட்டேன்.

"இன்டர்வியூல என்னைப் பத்தி என்ன சொன்ன?"

"உன்னைப் பத்தியா? என்கிட்ட ஒண்ணுமே கேக்கலயே!"

நான் நம்பவில்லை. "சரி, கேட்டிருந்தா?"

வாயருகே கொண்டுபோன தே தாரிக் டீயைக் கீழே வைத்தான்.

"தெரியல லா" என்றான்.

எனக்கு அழுகை வந்தது. அவன் சொன்னதில் அந்தத் 'தெரியல' ஒன்றைத்தான் நம்பினேன்.